உள்ளட்டையில் இருந்த அட்டவணை: சமூகநீதி நாவல்களைக் குழுக்களாக வாசித்த ஒரு வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பதினொன்று, பன்னிரண்டு வயது மாணவர்கள் பயிலும் ஒரு வகுப்பில், சமூகநீதியைப் பொருளாகக் கொண்ட நான்கு சிறார் நாவல்கள் வாசிப்புக் குழுக்களின் வழியாக ஏறத்தாழ ஆறு வாரங்கள் வாசிக்கப்பட்டன. அந்த வாசிப்பு எவ்வாறு திட்டமிடப்பட்டது, எங்கே தடைப்பட்டது, எந்தப் பக்கங்களில் வேகம் பெற்றது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பாடத்தை வகுப்பாசிரியை நடத்தினார். நூலகப் பொறுப்பில் இருக்கும் நான் நூல்தேர்வில் பங்கேற்றேன். பின்னர் குழு உரையாடல்களின்போது ஓரமாக அமர்ந்து குறிப்பெடுத்தேன். மாணவர்களின் வாசிப்புக் குறிப்பேடுகள், என் குறிப்புகள், இறுதி வாரத்தில் மாணவர்கள் எழுதிய கடிதங்கள் ஆகியவையே இங்கே சான்றுகள். ஒரே ஒரு வகுப்பில் கண்டது என்பதால் இதிலிருந்து பொதுவிதி எதையும் வகுத்துவிட முடியாது. ஆயினும், இத்தகைய நாவல்களைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்டுக்கொள்ளும் கேள்வி மாற வேண்டும் என்று எண்ணுவதற்குப் போதுமான காரணங்கள் இதில் கிடைத்தன.

வழக்கமான கேள்வி, "இந்தக் கதை குழந்தைகளின் மனத்தைத் தொடுமா?" என்பது. அநீதியைப் பற்றிய நாவல் என்றால் அதில் துன்பப்படும் குழந்தை ஒன்று இருக்க வேண்டும், வாசிக்கும் குழந்தை அத்துன்பத்தை உணர வேண்டும், உணர்ந்த பின் நீதியுணர்வு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில் நூல்களைப் பொறுக்குகிறோம். இந்த வகுப்பில் மாணவர்கள் துன்பத்தை மிக விரைவாக உணர்ந்தார்கள். ஆனால் அந்த உணர்வு அதே இடத்தில் நின்றுவிட்டது. "பாவம்" என்ற சொல் குறிப்பேடுகளில் திரும்பத் திரும்ப வந்தது. யார் இப்படி ஏற்பாடு செய்தார்கள், யாருக்கு இதில் ஆதாயம் என்ற கேள்விகள் வரவில்லை. அவை வந்தபோது, கதையின் மிகக் கொடூரமான காட்சிகளிலிருந்து வராமல், பலர் கவனிக்காமல் கடந்துவிடக்கூடிய சில சிறிய விதிகளிலிருந்து வந்தன. இந்த ஆய்வின் மையம் அதுதான்.

நூல்தேர்வு

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய ஒரு கட்டுரை, குழந்தைகளுக்கான நூல்கள் கண்ணாடியாகவும் சன்னலாகவும் நுழைந்து செல்லக்கூடிய கண்ணாடிக் கதவாகவும் இருக்க முடியும் என்று கூறியது. தன் வாழ்வைக் காட்டும் நூலும் பிறர் வாழ்வைக் காட்டும் நூலும் ஒரு குழந்தைக்கு வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கவலைக்கு அடிப்படை இருந்தது. விஸ்கான்சினில் உள்ள சிறார் நூல் கூட்டுறவு மையம் 1985இல் கணக்கெடுத்தபோது, அமெரிக்காவில் அந்த ஆண்டு வெளியான ஏறத்தாழ 2,500 சிறார் நூல்களில் கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் உருவாக்கியவை 18 மட்டுமே. இன்று நிலைமை மாறியிருப்பதால் தேர்வு செய்வதற்கு நூல்கள் உண்டு. எதை அளவுகோலாக வைத்துத் தேர்வது என்பதுதான் இப்போதைய சிக்கல்.

நாங்கள் தேர்ந்தெடுத்தவை நான்கு. மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதி, அடுத்த ஆண்டு அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் பெற்ற 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' முதலாவது. 1933ஆம் ஆண்டின் மிசிசிப்பியில், சொந்த நிலம் வைத்திருக்கும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதையை, ஒன்பது வயதுச் சிறுமி கேசி லோகன் சொல்கிறாள். இரண்டாவது, பெவர்லி நைடூ 1985இல் வெளியிட்ட 'ஜர்னி டு ஜோபர்க்'. தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கல் ஆட்சி நடந்த காலத்தில், கைக்குழந்தையான தங்கை நோயுற்றிருப்பதால், வீட்டுப் பணியாளராக நகரில் இருக்கும் தாயைத் தேடி நலேடி என்ற சிறுமியும் அவள் தம்பியும் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு செல்கிறார்கள். அந்த நாட்டில் 1991 வரை இந்த நாவல் தடை செய்யப்பட்டிருந்தது. மூன்றாவது, பாம் முன்யோஸ் ரயான் 2000இல் எழுதிய 'எஸ்பெரான்சா ரைசிங்'. மெக்சிகோவில் செல்வக் குடும்பத்தில் பிறந்த சிறுமி, தந்தை கொல்லப்பட்ட பின் 1930களின் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் முகாமில் வாழ நேர்கிறது. நான்காவது, கனடிய எழுத்தாளர் டெபோரா எல்லிஸ் அதே ஆண்டில் வெளியிட்ட 'தி பிரெட்வின்னர்'. தாலிபான் ஆட்சியின் கீழுள்ள காபூலில், தந்தை கைது செய்யப்பட்டதும், பதினொரு வயதுப் பர்வானா சிறுவனாக வேடமிட்டுக் குடும்பத்துக்காகச் சம்பாதிக்கிறாள்.

நான்கின் தொடக்கப் பக்கங்களையும் வகுப்பில் வாசித்துக் காட்டிய பிறகு, ஒவ்வொரு மாணவரும் முதல் விருப்பத்தையும் இரண்டாம் விருப்பத்தையும் எழுதித் தந்தனர். குழுக்கள் அவற்றைக் கொண்டே அமைந்தன. வாசிப்புத் திறனைக் கொண்டு அமைக்கப்படவில்லை. 'ஜர்னி டு ஜோபர்க்' மிகச் சிறிய நூல், 'ரோல் ஆஃப் தண்டர்' அதைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் குழுக்களின் வேகம் வேறுபட்டது. சிறிய நூலை விரைவில் முடித்த குழு அதை மறுபடியும் வாசித்தது. அந்த இரண்டாம் வாசிப்பில் கிடைத்தவை முதல் வாசிப்பில் கிடைத்தவற்றைவிட மிகுதி. குறுகிய நாவலுக்கு இப்படி ஒரு பயன் இருப்பதை நூல்பட்டியல் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

பொறுப்புத் தாள்கள்

வாசிப்புக் குழு முறையைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் ஹார்வி டேனியல்ஸ். 1994இல் வெளிவந்த அவருடைய நூல், குழுவில் ஒருவர் கேள்வி எழுப்புபவர், ஒருவர் வாழ்வோடு இணைத்துப் பார்ப்பவர், ஒருவர் பகுதிகளைத் தெரிந்து காட்டுபவர் என்று பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தது. அதற்கான தாள்கள் உலகெங்கும் பள்ளிகளில் புழங்கத் தொடங்கின. அத்தாள்கள் உரையாடலை இயந்திரத்தனமாக்கிவிடக் கூடும் என்று 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் டேனியல்ஸே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை தாள்கள் பரவிய அளவுக்குப் பரவவில்லை.

வகுப்பாசிரியை முதல் வாரம் மட்டும் தாள்களைப் பயன்படுத்தினார். குழுவாகப் பேசிப் பழகாத மாணவர்களுக்கு அவை தொடக்கத்தில் உதவின என்பதில் ஐயமில்லை. யார் எப்போது பேசுவது என்ற குழப்பம் குறைந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தம் தாளில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் மறுமொழி சொல்லவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து தாள்கள் விலக்கப்பட்டு, பிரிட்டிஷ் சிறார் எழுத்தாளர் ஏடன் சேம்பர்ஸ் வகுத்த உரையாடல் முறையைத் தழுவி மூன்று தொடக்கங்கள் மட்டும் பலகையில் எழுதப்பட்டன: பிடித்தது எது, புரியாமல் உறுத்தியது எது, மீண்டும் மீண்டும் வருவது எது. இவற்றில் இரண்டாவதுதான் பின்னால் நடந்த அனைத்துக்கும் வழி திறந்தது. அநீதியான ஒரு விதி, முதன்முறை வாசிக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் "புரியாத" ஒன்றாகவே தோன்றுகிறது. புரியாததைச் சொல்வதற்கு அனுமதி இருந்தால்தான் அது பேச்சுக்கு வரும்.

'வாழ்வோடு இணைப்பவர்' என்ற பொறுப்பை விலக்கியதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. "இதுபோன்று உன் வாழ்வில் நடந்தது உண்டா?" என்ற கேள்வி, சாகசக் கதைகளில் தீங்கற்றது. அவமதிப்பையும் வறுமையையும் பற்றிய கதையில் அது ஒரு குழந்தையைத் தன் குடும்ப நிலையை மற்றவர்முன் வெளிப்படுத்தும்படி வற்புறுத்துகிறது. வீட்டுப் பணியாளரான தாயைப் பற்றிய நாவலை வாசித்த குழுவில் ஒரு மாணவி அந்தத் தாளை வெற்றாகவே திருப்பித் தந்தாள். காரணம் கேட்கப்படவில்லை, கேட்கவும் கூடாது. பிறகு கேள்விகள் யாவும் நாவலின் உள்ளேயே நின்றன. தம் வாழ்வைப் பற்றிச் சொல்ல விரும்பியவர்கள் தாமாகச் சொன்னார்கள், அல்லது ஆசிரியை மட்டும் பார்க்கும் குறிப்பேட்டில் எழுதினார்கள். அந்த மாணவி பின்னால் குழுவில் நிறையவே பேசினாள், முழுவதும் கதையைப் பற்றி மட்டும்.

அட்டவணை

முதலிரு வாரக் குறிப்பேடுகள் நான்கு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. கேசி பாவம், நலேடி பாவம், எஸ்பெரான்சா பாவம், பர்வானா பாவம். "நான் அங்கே இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்" என்ற வகை வீரமும் இருந்தது. தீயவர்கள் தீயவர்களாக இருப்பதால் தீமை நடக்கிறது என்பதே மாணவர்களின் விளக்கம். இந்த வயதில் அது இயல்பானதுதான். ஆனால் அந்த விளக்கத்தோடு நாவல் முடிந்துவிட்டால், அநீதி என்பது கெட்ட மனிதர்களின் குணக்கேடு என்ற முடிவோடு குழந்தை புத்தகத்தை மூடிவிடும்.

'ரோல் ஆஃப் தண்டர்' நாவலின் முதல் அத்தியாயத்தில், பள்ளியின் முதல் நாளன்று கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகங்கள் வழங்கப்படுகின்றன. கேசியின் ஆறு வயதுத் தம்பிக்கு அழுக்கேறிக் கிழிந்த புத்தகம் கிடைக்கிறது. வேறு புத்தகம் கேட்ட அவனை ஆசிரியை அதட்டுகிறார். உள்ளட்டையைத் திறந்து பார்த்தவன் புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். உள்ளட்டையில் இருப்பது மாவட்டக் கல்விக் குழுவின் அட்டவணை. 1922 செப்டம்பரில் புத்தகம் புதியது, மாணவர் வெள்ளையர். பின்வரும் ஒவ்வொரு ஆண்டும் மாணவர் வெள்ளையர், புத்தகத்தின் நிலை படிப்படியாகக் கீழிறங்குகிறது. பதினொரு முறை அவ்வாறு வழங்கப்பட்ட பின், 1933 செப்டம்பரில், 'மிக மோசம்' என்ற நிலையை அடைந்த பிறகு, பன்னிரண்டாவது வரியில் அது ஒரு கறுப்பினக் குழந்தைக்கு வருகிறது. அந்தக் குழந்தையின் இனத்தைக் குறிக்கும் கட்டத்தில் இருப்பது ஓர் இழிசொல்.

முதல் வாசிப்பில் குழு இந்தப் பக்கத்தை விரைந்து கடந்திருந்தது. சிறுவனும் அவனுக்காகப் பேசிய அக்காளும் அடி வாங்குவதுதான் அவர்கள் நினைவில் நின்றது. மூன்றாம் வாரத்தில், 'உறுத்தியது எது' என்ற தொடக்கத்தின் கீழ் ஒரு மாணவன், படிக்கவே அதிகம் தெரியாத ஆறு வயதுப் பையன் எதைப் பார்த்து இவ்வளவு கோபப்பட்டான் என்று கேட்டான். குழு அந்தப் பக்கத்துக்குத் திரும்பியது. அட்டவணையைத் தாளில் பெரிதாக வரைந்தார்கள். "இதை நிரப்பியது யார்?" என்று மட்டும் ஆசிரியை கேட்டார். புத்தகம் வழங்கும் ஆசிரியர், அலுவலக எழுத்தர், கல்விக் குழுவின் ஆள் என்று பல பதில்கள் வந்தன. அப்போது ஒரு மாணவி, நிரப்பியவர் ஆண்டுதோறும் மாறியிருக்கலாம், ஆனால் 'மாணவரின் இனம்' என்ற நிரல் முதல் குழந்தைக்குப் புத்தகம் தருவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கிறதே என்றாள். அதாவது, புத்தகம் புதியதாக இருக்கும்போதே அதன் கடைசி வரி யாருக்கு என்பது ஒருவகையில் முடிவாகிவிட்டது.

அந்த ஒரு கூற்றுக்குப் பின் உரையாடலின் தன்மையே வேறாயிற்று. அந்த ஆசிரியையும் கறுப்பினத்தவர்தானே, அவர் ஏன் சிறுவன் பக்கம் நிற்கவில்லை என்று கேட்டார்கள். கேசியின் தாயும் அதே பள்ளியின் ஆசிரியை. அவர் அட்டவணையின்மேல் தாள் ஒட்டி மறைக்கிறார். பின்னர் அதே செயல் அவர் வேலையை இழப்பதற்கு ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது. ஒரு தாளை ஒட்டியதற்கு ஏன் இவ்வளவு பெரிய தண்டனை என்று மாணவர்கள் நெடுநேரம் விவாதித்தார்கள். அந்த நாளில்தான் ஆசிரியை வரலாற்றுப் பின்னணியைத் தந்தார்: பிரித்து வைத்தாலும் சமமாக நடத்தினால் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் ஏற்றுக்கொண்டது, பள்ளிகளைப் பொறுத்தவரை அக்கோட்பாடு 1954இல்தான் தூக்கியெறியப்பட்டது. "சமம்" என்று சட்டம் சொன்ன காலத்தில் எழுதப்பட்ட அட்டவணை அது என்பது தெரிந்ததும் மாணவர்களுக்கு இன்னொரு கேள்வி கிடைத்தது: அட்டவணையை வைத்திருந்தவர்கள் அதை மறைக்கவே இல்லையே, ஏன்? வெட்கப்பட வேண்டிய ஒன்றாக அவர்களுக்கு அது தோன்றவில்லை என்ற விடையை ஒரு மாணவன் மெல்லத் தேடிப் பிடித்தான். வரலாற்றுத் தகவலை நாவலுக்கு முன்பே தந்திருந்தால் அது குறிப்பேட்டில் எழுதி மறக்கப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு; கேள்விக்குப் பின் வந்ததால் அதற்குப் பயன் இருந்தது.

வகுப்பில் வாரம் ஒருமுறை குழுக்கள் தாம் வாசித்ததை மற்றவர்களுக்குச் சொல்லும் வழக்கம் இருந்தது. அட்டவணையின் செய்தி அப்படித்தான் பிற குழுக்களுக்குப் போனது. 'எஸ்பெரான்சா ரைசிங்' குழு உடனே தம் நூலில் அதைப்போன்ற ஓரிடத்தைத் தேடியது; கிடைத்தது. வேறு மாநிலத்திலிருந்து வந்த வெள்ளைத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்படும் புதிய முகாமில் நீச்சல் குளம் இருக்கும், அதில் மெக்சிகோக்காரர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும் குளிக்கலாம், சனிக்கிழமை காலையில் குளம் சுத்தம் செய்யப்படும் என்று ஒரு செய்தி நாவலில் வருகிறது. முதலில் இதை ஒரு சலுகை என்றே சிலர் குறித்திருந்தார்கள்: குளம் இருக்கிறது, அவர்களும் குளிக்கலாம். ஏன் வெள்ளிக்கிழமை என்று ஒருவர் கேட்டதும் குழு சற்று நேரம் பேசவில்லை. இரண்டு நாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவுடன் விதி தன் பொருளைத் தானே சொல்லிவிட்டது. ஆசிரியை விளக்கம் எதுவும் தரவில்லை, தரவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்த நாவலுக்கு இன்னொரு வலிமையும் உண்டு. வேலைநிறுத்தத்தைத் தூண்டும் மார்த்தா சொல்வது நியாயம் என்று வாசகர்களுக்குத் தெரிகிறது. ஆயினும் தாய் மருத்துவமனையில் இருப்பதால் எஸ்பெரான்சா வேலைக்குப் போகிறாள். யார் சரி என்று கதை தீர்ப்பளிப்பதில்லை. குழு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது, கடைசிவரை ஒன்றுபடவில்லை. சமூகநீதி நாவல்கள் என்ற பெயரில் வெளிவரும் பல நூல்கள் சரியான பக்கத்தை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுகின்றன. அவற்றில் குழுவாகப் பேச எதுவும் மிஞ்சுவதில்லை, தலையாட்டலைத் தவிர.

'ஜர்னி டு ஜோபர்க்' குழுவுக்கு இரண்டாம் வாசிப்பில் கிடைத்தது ஒரு பள்ளிப் பயிற்சி. நாவலின் இறுதியில் நலேடி தன் பள்ளியைப் பற்றி எண்ணிப் பார்க்கிறாள். வேலை கேட்டுக் கடிதம் எழுதும் பயிற்சியில், சமைப்பதிலும் துவைப்பதிலும் தோட்ட வேலையிலும் தாங்கள் எவ்வளவு திறமையானவர்கள் என்றே எழுதக் கற்பிக்கப்படுகிறது. கடிதம் எப்போதும் கீழ்ப்படிதலைக் கூறி முடிகிறது. மாணவர்கள் தாமும் மொழிப்பாடத்தில் கடிதம் எழுதுபவர்கள் என்பதால் இது அவர்களை நேராகத் தாக்கியது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிக் கல்வியை வகுத்த 1953ஆம் ஆண்டின் பாந்து கல்விச் சட்டத்தைப் பற்றி ஆசிரியை சொன்னபோது, கல்வி தரமற்றதாக இருந்தது என்பதைவிட, எந்த வேலைக்கு என்பதை முன்கூட்டியே தீர்மானித்துத் திறமையோடு கற்பிக்கப்பட்டது என்ற உண்மை அவர்களுக்குப் புரிந்தது. இந்தக் குழு இன்னொரு காட்சியிலும் நின்றது. குழந்தை சாகும் நிலையில் இருக்கிறது என்று கேட்ட பிறகும், அன்று மாலை விருந்துக்குப் போக வேண்டியிருப்பதால், தன் மகளைப் பார்த்துக்கொள்ளத் தாய் இருக்க வேண்டும், நாளை போகலாம் என்று வீட்டு எசமானி சொல்கிறார். அவர் கத்துவதில்லை, அடிப்பதில்லை. "அவர் கெட்டவர் இல்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், அதுதான் மோசம்" என்று குறிப்பேட்டில் ஒரு மாணவி எழுதியிருந்தாள். முதல் வாரத்தின் 'கெட்ட மனிதர்' விளக்கத்திலிருந்து இது வெகுதூரம்.

நான்காவது குழு

'தி பிரெட்வின்னர்' குழு மிக விரைவாகவும் மிக ஆர்வமாகவும் வாசித்தது. கதையின் விறுவிறுப்பு அத்தகையது. தலைமுடியை வெட்டிக்கொண்டு இறந்த அண்ணனின் உடையை அணிந்து சந்தைக்குப் போகும் பர்வானாவின் கதையை யாரும் பாதியில் கீழே வைக்க மாட்டார்கள். ஆனால் பிற குழுக்களில் நிகழ்ந்த திருப்பம் இங்கே நிகழவில்லை. "அந்த நாட்டில் பெண்களை அப்படித்தான் நடத்துவார்கள்", "நாம் அங்கே பிறக்காதது நல்லது" என்ற வகை வாக்கியங்கள் நான்காம் வாரத்திலும் நீடித்தன. அநீதி ஒரு நாட்டின் இயல்பாகிவிட்டது; அதற்குத் தொடக்கமும் இல்லை, அதைச் செய்தவர்களும் இல்லை.

பொறுப்பு முழுவதும் நாவலுடையது என்று சொல்ல மாட்டேன். எல்லிஸ் பாகிஸ்தானிலிருந்த அகதி முகாம்களில் ஆப்கன் பெண்களைச் சந்தித்து உரையாடி அதன் அடிப்படையில் எழுதியவர். நூலின் வருவாயை ஆப்கன் பெண்களுக்காக இயங்கும் அமைப்புக்கு அளித்தவர். நூலிலும் மறுவாதத்துக்கான சான்றுகள் உள்ளன: பர்வானாவின் தாய் வானொலி நிலையத்துக்காக எழுதியவர், தந்தை வரலாற்று ஆசிரியர், பெண்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டது புதிய ஆணையால். எனினும் விறுவிறுப்பான கதை இவற்றைப் பின்னணியாக்கிவிடுகிறது. வெளியிலிருந்து எழுதப்படும் இத்தகைய நாவல்கள், வாசகரை மீட்பர் இடத்தில் அமர்த்திவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் சிலர் முன்வைத்த விமரிசனத்தை நாங்கள் முன்பே அறிந்திருந்தோம். நேரில் பார்த்தபோது அது மிகையான குற்றச்சாட்டாகத் தோன்றவில்லை.

ஆசிரியை குழுவைத் திருப்பியது திருமதி வீராவின் வழியாக. உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த இந்தப் பாத்திரம் பர்வானாவின் வீட்டுக்கு வந்து, தாயைத் தேற்றி, இருவரும் சேர்ந்து இரகசியமாக ஒரு பத்திரிகை நடத்தத் திட்டமிடுகிறார்கள். அது வரும் பக்கங்களை மட்டும் மறுபடி வாசிக்கும்படியும், 1996க்கு முன் இந்தக் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நாவலில் உள்ள குறிப்புகளைக் கொண்டே ஒரு பட்டியல் தயாரிக்கும்படியும் அவர் கேட்டார். தாலிபான் காபூலைக் கைப்பற்றிய ஆண்டு அது. பட்டியல் தயாரானதும் 'அந்த நாட்டில் அப்படித்தான்' என்ற வாக்கியத்தை ஒரு மாணவன் தானே அடித்துவிட்டு, 'அந்த ஆணை வந்த பிறகு' என்று திருத்தினான். குழுவில் சிலரிடம் மாற்றம் தெரிந்தது. சிலரிடம் இறுதிக் கடிதம் வரை இரக்கமே மேலோங்கியிருந்தது.

பெற்றோர், இழிசொல், சோர்வு

தொடக்கத்திலேயே பெற்றோருக்கு நூல்களின் பெயரும் பொருளும் எழுதி அனுப்பப்பட்டன. ஒரு தந்தை, குழந்தைகளைத் துயரத்திலும் அரசியலிலும் இறக்க வேண்டுமா என்று கேட்டு எழுதினார். அவருக்கு நூலையே அனுப்பி வாசித்துப் பார்க்கச் சொன்னதைத் தவிர வேறு வாதம் செய்யப்படவில்லை. மாற்று நூல் வாய்ப்பும் தரப்பட்டது. அவர் வாசித்தார், குழந்தை குழுவில் தொடர்ந்தது.

'ரோல் ஆஃப் தண்டர்' நாவலில் இனஇழிவுச் சொற்கள் பல இடங்களில் வருகின்றன. அவை ஏன் இருக்கின்றன என்பது வாசிப்பு தொடங்குமுன் விளக்கப்பட்டது. உரக்க வாசிக்கும்போது அச்சொல்லை யாரும் ஒலிப்பதில்லை என்று குழு தானே ஒரு விதி வகுத்தது. எந்தச் சமூகத்தைப் பற்றிய நூலாக இருந்தாலும், அதே பின்னணி கொண்ட மாணவரை நோக்கி "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திரும்புவதில்லை என்பது ஆசிரியையின் விதி.

சோர்வைப் பற்றி இத்துறையில் பேசுவது குறைவு. நான்காம் வாரத்தின் முடிவில், எல்லாக் கதைகளும் ஏன் இவ்வளவு கனமாக இருக்கின்றன என்று இரு மாணவர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். அதற்கு நாவல்களிலேயே ஒரு விடை இருந்தது. வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிப் பேருந்து வேண்டுமென்றே தங்கள்மீது சேற்றை வாரியிறைத்துச் செல்வதைப் பொறுக்காத லோகன் குழந்தைகள் சாலையின் குறுக்கே பள்ளம் தோண்டி அந்தப் பேருந்தை இறங்க வைக்கும் அத்தியாயம் வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டப்பட்டது. வகுப்பு சிரித்தது. பிறகு அது நீதியா பழிவாங்கலா என்ற தகராறு எழுந்து, மணியடித்த பின்னும் தொடர்ந்தது.

வாசிப்புக்குப் பின்

லூவிசன், ஃபிளின்ட், வான் ஸ்லைஸ் ஆகிய மூவர் 2002இல் விமரிசன வாசிப்பை நான்கு கூறுகளாகத் தொகுத்தார்கள்: வழக்கமானதைக் கேள்விக்குள்ளாக்குதல், பல பார்வைகளை நோக்குதல், சமூக அரசியல் சிக்கல்களில் கவனம் செலுத்துதல், செயலில் இறங்குதல். நான்காவது கூறுதான் வகுப்பறைகளில் எளிதாகக் கொச்சைப்படுகிறது; சுவரொட்டி வரைவதிலும் நிதி திரட்டுவதிலும் முடிந்துவிடுகிறது. ஆசிரியை இரண்டையும் ஒதுக்கிவிட்டு, இந்தப் பள்ளியில் உள்ள ஏதேனும் ஒரு படிவத்தையோ பதிவேட்டையோ எடுத்து, அதில் என்னென்ன நிரல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாருக்குப் பயன்படுகிறது என்று ஆராயும்படி கூறினார்.

நூலகத்தின் இரவல் பதிவேடு ஒரு குழுவின் கைக்கு வந்தது. மாணவரின் பெயருக்கு அருகில் 'வாசிப்பு நிலை' என்ற நிரல் அதில் உண்டு. பதிவேடு மேசையின்மேல் திறந்தே கிடப்பதால், புத்தகம் வாங்க வரும் எவரும் மற்றவரின் நிலையைப் பார்க்க முடிந்தது. இந்த நிரல் நூலகருக்குத் தேவை என்பதை மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், எல்லாருக்கும் தெரிய வேண்டியதன் தேவை என்ன என்று மட்டும் கேட்டார்கள். இப்போது அந்தத் தகவல் தனிப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றொரு குழு விளையாட்டுப் பொருள்களின் பதிவேட்டை ஆராய்ந்தது, குறை எதுவும் காணவில்லை, அப்படியே எழுதியும் தந்தது. குறை கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் அவ்வாறு எழுதியது எனக்கு முதல் குழுவின் கண்டுபிடிப்பைவிடக் கூடுதல் நம்பிக்கை தந்தது.

மதிப்பீட்டுக்கு மதிப்பெண் வழங்கப்படவில்லை. இறுதிக் கடிதங்களில் நாங்கள் பார்த்தது ஒன்றே: கதையில் நடந்த அநீதிக்கு மாணவர் தரும் விளக்கத்தில் ஒரு விதியோ வழக்கமோ ஏற்பாடோ இடம்பெறுகிறதா, அல்லது தனிமனிதரின் கொடுமை மட்டுமா. முதல் மூன்று குழுக்களின் கடிதங்களில் பெரும்பாலானவை முதல் வகை. அதே வேளையில், விதியைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் பாத்திரங்களை மறந்துவிட்ட கடிதங்களும் இருந்தன. கேசியைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் அட்டவணையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய கடிதத்தை நல்ல வாசிப்பு என்று ஏற்க என்னால் இயலவில்லை. அமெரிக்க இலக்கியக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் வலியுறுத்திய வேறுபாடு இங்கே பொருந்தும்: தகவலை எடுத்துச் செல்வதற்காக வாசிப்பது ஒன்று, வாசிக்கும் கணத்தில் கதையினுள் வாழ்வது இன்னொன்று. அதனால் அடுத்த சுற்றில் முதல் வாசிப்பு எந்தக் கேள்வியும் இல்லாமல் நடக்கும். விதிகளைத் தேடுவது இரண்டாம் வாசிப்பில் மட்டும்.

நூல்பட்டியலில் முதல் மூன்றும் அப்படியே தொடர்கின்றன. 'தி பிரெட்வின்னர்' நீக்கப்படவில்லை, ஆனால் அதை வாசிக்கும் குழு இனி அக்குடும்பத்தின் முந்தைய வாழ்வைப் பட்டியலிடும் வேலையை முதல் வாரத்திலேயே செய்யும். ஐந்தாவதாக, நகைச்சுவையோடு அநீதியைக் கையாளும் ஒரு நாவலைச் சேர்க்க ஆசிரியை விரும்புகிறார். சோர்வைப் பற்றிக் கேட்ட அந்த இரு மாணவர்களிடமே சில நூல்களின் முதல் அத்தியாயங்கள் தரப்பட்டுள்ளன. அவர்களின் குறிப்பு வந்த பின் அது முடிவாகும்.